சக்கரத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள்

நத்தமேடு,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் இளம்பரிதிக்கு அம்மா காத்தாயி ஆசியோடு எழுதுவது. இங்கே அப்பாவின் வலது கை ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் சுகம், அந்தக் கையும் தேறி வருகிறது. அங்கே சார்ஜாவில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, போன புரட்டாசியில் உன்னைப் படுக்கவைத்த காய்ச்சல் மறுபடி தலைகாட்டவில்லையே, இதெல்லாம் நீயாக வாய் திறந்து சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். ஊரில் இருக்கிற அம்மாக்கள் எல்லாம் பிள்ளைகளோடு போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இவள் எதற்குக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். நான் அப்பா பேச்சை எடுத்த உடனே உனக்கு டவர் போய்விடுகிறதே, அதனால்தான். காகிதத்துக்கு டவர் வேண்டாம், பாதியில் கட் பண்ணவும் முடியாது. பக்கத்து வயல் இப்ராஹிம் மாமாவின் பிள்ளை சுஹைப் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை சார்ஜாவுக்குக் கிளம்புகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கிறவரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவனுக்கு உத்தரவு போட்டிருக்கிறேன். அவன் அவங்க அம்மா சொல்லைத் தட்டினாலும் தட்டுவான், என் சொல்லைத் தட்ட மாட்டான்.

ஊர்ச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் மறந்துவிடும். மேலவயலில் மெஷின் இறங்கி அறுவடை முடிந்தது, நெல்லும் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்து தாளுக்கு நடுவில் நன்றாகக் கிளம்பியிருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் பனி பெய்தால் போதும். உன் தங்கை இசைவாணி வேதாரண்யத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து சனிக்கிழமை சனிக்கிழமை வருகிறாள், வந்த உடனே உப்புக்காற்றில் முடி கொட்டுகிறது என்று என்னிடம் சண்டைக்கு நிற்கிறாள், நானா போய்க் கடலில் உப்பைக் கொட்டினேன். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அதற்கு அப்பா இன்னும் பெயர் வைக்கவில்லை, நீ வந்து வைக்க வேண்டுமாம். மன்னார்குடியில் பங்குனித் திருவிழாவுக்குப் பந்தல் வேலை தொடங்கிவிட்டது. வழக்கம்போல நான் கோயிலுக்குள் போவேன், அப்பா வெளியே டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஒரு கோயில் வாசற்படியையும் மிதித்ததில்லை, விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர், கொள்கையை விட்டுக்கொடுக்க மாட்டார். ஆயுத பூஜை வந்தால் ஊரெல்லாம் டிராக்டருக்கும் மருந்தடிக்கிற மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும், இவர் மட்டும், இரும்புக்கு எதுக்குடா பொட்டு, எண்ணெய் விடுங்கடா போதும் என்று வருஷா வருஷம் பிரசங்கம் பண்ணுவார். உனக்குத் தெரியாததா. இருந்தாலும் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

போன வாரம் சுஹைப் வீட்டுக்கு வந்தவன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தான். என்னடா என்று கேட்டதற்கு, உன்னோடு வேலை செய்கிறவர்கள் போனில் சொன்னதை மென்று முழுங்கி ஒவ்வொன்றாகச் சொன்னான். நீ ஒர்க்‌ஷாப்பில் டீசல் பம்ப்பைப் பிரித்துச் சரிபார்க்கிற பெஞ்சை விட்டுவிட்டாயாம். ஸ்டோரில் பெட்டி தூக்குகிறாயாம். சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்டதற்கு, பெத்த அப்பன் கைய உடைச்ச கை இனிமே பம்ப்பைத் தொடாதுன்னு சொன்னாயாம். அவர் நல்ல மனுஷன் போலிருக்கிறது, இந்த மாசக் கடைசி வரைக்கும் உன் இடத்தில் வேறு ஆளைப் போடாமல் வைத்திருப்பதாகச் சொன்னாராம். சித்திரையில் வருவதாக இருந்த லீவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாயாம்.  ஊருக்குத் திரும்பி மன்னார்குடியில் சொந்தமாகப் பம்ப் பட்டறை போடுவேன், எந்த இன்ஜினைக் கொண்டுவந்தாலும் சத்தத்தை வைத்தே டைமிங் சொல்லுவேன் என்று சின்ன வயதிலிருந்து எங்கள் காதைத் தின்றவன் நீ. உனக்கு மூன்று மாதமானபோது நான் உன்னை நம் வயல் இன்ஜின் கொட்டகையில்தான் தூளி கட்டிப் போட்டுவிட்டு நடவுக்குப் போவேன், இன்ஜின் நின்றால் நீ விழித்துக்கொண்டு அழுவாய். அப்படிப்பட்ட பிள்ளை பெட்டி தூக்குகிறான் என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்.

அன்றைக்கு நடந்ததில் நீ பார்த்தது போன் திரையில் தெரிந்த அளவுதான், அதனால் முழுசாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி. தை மாதக் கடைசி, மேட்டூரை அடைத்துவிட்டார்கள், வாய்க்காலில் தண்ணீர் பள்ளத்தில் கிடந்தது. மேலவயலில் கதிர் பால் பிடிக்கிற நேரம், ஒரு நனைப்பு இல்லாவிட்டால் பாதிக்குப் பாதி பதராகிவிடும். அந்தப் பள்ளத்திலிருந்து தண்ணீரைத் தூக்கமாட்டாமல் நம் கிழட்டு ஆயில் இன்ஜின் மூச்சு வாங்கியது. நீதான் யோசனை சொன்னாய், டீசல் பம்ப்புக்குள் டீசலைத் தள்ளுகிற எலிமெண்டை எடுத்துவிட்டு ஒரு சுற்றுப் பெரிதாகப் போட்டால் அடிக்கு அடி டீசல் கூடுதலாக இறங்கும், இழுவை கிடைக்கும் என்று. பொங்கலுக்கு வந்த சுஹைபிடம் சாமானையும் கொடுத்தனுப்பினாய். பம்ப்பைக் கழற்றி மாட்டினால் டைமிங்கைத் திரும்ப வைக்க வேண்டும், டீசல் சரியான நொடியில் இறங்கவேண்டும், அதை நீ போனில் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. சுஹைப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான், இப்ராஹிம் மாமா ஸ்பேனரோடு பக்கத்தில் நின்றார், நான் வழக்கம்போல லிவர் பக்கம். நீ என்ன சொன்னாய், போன லீவுல வந்தப்ப சக்கரத்துல உளியால வெட்டி அது மேல வெள்ளை பெயிண்டுல புள்ளி வச்சிட்டு வந்தேம்ப்பா, அந்தப் புள்ளியை இன்ஜின் உடம்புல இருக்கிற முள்ளுக்கு நேரா நிறுத்துங்க, அங்க நிக்கிறப்ப டீசல் எழும்பணும், அதுக்குத் தக்கபடி பம்ப்புக்கு அடியில இருக்கிற தகட்டை எடுத்தோ போட்டோ வைங்க என்றாய். அப்பா சக்கரத்தை மெல்லச் சுற்றினார், எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவில் வெள்ளைப் புள்ளி வந்தது, நீயும் பார்த்துவிட்டு, அதான்ப்பா அதான் என்றாய்.  அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார், இப்ராஹிம் மாமாவை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் சரி என்றார். தகட்டைக் குறைத்து வைத்தார்கள். இப்ராஹிம் மாமா மட்டும், முன்ன இவ்வளவு தகட்டை உருவுன ஞாபகம் இல்லையே தோழர் என்றார். பெரிய எலிமெண்ட் இல்லையா, அதனால் இருக்கும் என்று நாங்களே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டோம்.

அப்புறம் எப்போதும்போலத்தான். அப்பா ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார், வேகம் பிடித்ததும் காத்தாயி என்று குரல் கொடுத்தார், நான் லிவரைத் தள்ளினேன். இத்தனை வருஷமாக அந்த இன்ஜின் எங்கள் இரண்டு பேர் கையால்தான் கிளம்புகிறது, அவர் சுற்றுவார், நான் லிவரைத் தள்ளினால்தான் பற்றிக்கொள்ளும். அன்றைக்குத் தகடு குறைந்ததில் டீசல் நேரத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டது. பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடித்தால் என்ன ஆகும், ஏணியில் ஏறுகிறவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினது போலத்தான். சக்கரம் பின்பக்கமாக உதறியது, ஹேண்டில் திரும்பி வந்து மணிக்கட்டுக்கு மேலே அடித்தது. நீ கேட்டது அந்தச் சத்தம். அதற்குள் சுஹைப் கையிலிருந்து போன் விழுந்துவிட்டது, நீ அப்பா அப்பா என்று சேற்றுக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தாய், எடுக்க ஆளில்லை. மன்னார்குடி ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துக் கட்டுப் போட்டார்கள். கட்டைவிரலை மடக்கிப் பிடிச்சிருந்தார்னா தோள்பட்டை வரைக்கும் போயிருக்கும் தங்கச்சி என்று இப்ராஹிம் மாமா சொன்னார். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரலோடு சேர்த்து வைக்கணும் என்று அப்பாவுக்கு அடித்து அடித்துச் சொன்னவன் யார், நீதானே. அன்றைக்கே இப்ராஹிம் மாமா தன் இன்ஜினை இழுத்துவந்து, தன் வயலை விட்டுவிட்டு நம் மேலவயலுக்கு முதலில் தண்ணீர் இறைத்தார். அந்த நெல்தான் இப்போது அறுத்தது. இன்னொன்றும் சொல்கிறேன், லிவரைத் தள்ளியது நான். உன் கணக்குப்படி பார்த்தால் நான் என் கையை வெட்டி எறிந்திருக்க வேண்டும். நான் அந்தக் கையால்தான் தினம் உங்கப்பாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறேன், குழம்பில் உப்பில்லை என்று குறையும் கேட்டுக்கொள்கிறேன்.

சுஹைப் சொல்லிவிட்டுப் போனதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த இன்ஜினை நிற்கவைத்து நாலு வார்த்தை திட்டலாம் என்றே கொட்டகைக்குப் போனேன். திட்டினேன், அது என்ன பதிலா சொல்லப்போகிறது. வந்ததற்கு ஒரு வேலையாவது செய்வோம் என்று சக்கரத்தில் படிந்திருந்த பிசுக்கை டீசலில் நனைத்த துணியால் துடைத்தேன். அப்போதுதான் பார்த்தேன். முள்ளுக்கு நேராக நிறுத்தின புள்ளியிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, பிசுக்குக்கு அடியில், இன்னொரு வெள்ளைப் புள்ளி. அதன் நடுவில் உளி வெட்டு. தடவிப் பார்த்தேன், நகம் உள்ளே இறங்கியது. அதுதான் நீ வைத்தது. அப்படியானால் நாங்கள் முள்ளுக்கு நிறுத்தின இந்தப் புள்ளி யாருடையது. இதில் வெட்டும் இல்லை, ஒன்றும் இல்லை, பெண்பிள்ளை நெற்றியில் வைத்ததுபோல வட்டமாக இருந்தது. பெயிண்ட் இரண்டும் ஒன்றுதான், நீ பரணில் வைத்துவிட்டுப் போன அதே டப்பாவின் பெயிண்ட். கொட்டகைக்குள் சாவி வைத்துப் போய்வருவது நானும் அப்பாவும்தான். நான் வைக்கவில்லை.

சாயங்காலம் அவருக்குச் சோறு ஊட்டும்போது கேட்டேன், சக்கரத்துல ரெண்டு புள்ளி இருக்கே, ஒண்ணு யாரு வச்சதுன்னு. வாயில் வாங்கின சோற்றை முழுங்கினார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, போன ஆயுத பூஜை அன்றைக்கு நான்தான் வச்சேன் என்றார். போன ஆயுத பூஜைக்குத்தான் நீ அங்கே காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாய், உன் போனும் அணைந்து போய், சுஹைபுக்கும் உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடைக்காமல், உனக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாமல் நாங்கள் தவித்த சமயம். நான் தெரிந்த சாமிக்கெல்லாம் காசு முடிந்துவைத்தேன். அவருக்கு ஏது சாமி. ஊரே பொரியும் கடலையுமாகப் பூஜை போட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் தனியாகக் கொட்டகைக்குப் போயிருக்கிறார். நான் எந்தக் கோயில்ல போயி நிக்கிறது புள்ள, நின்னாலும் எனக்கு என்ன கேக்கத் தெரியும், அவன் கை பட்ட பொருள்னு இந்த ஊர்ல இருக்கிறது அந்த இன்ஜின்தான், சந்தனம் வச்சா சக்கரம் சுத்துறப்பத் தெறிச்சிடும்னு பெயிண்டுல வச்சேன், எம் புள்ள எழுந்திரிச்சிடணும்னு சொல்லிட்டு வச்சேன் என்றார். இவ்வளவையும் சொல்லிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். உங்கப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் கையில் சோற்றோடு அழுகை வந்துவிட்டது.

ஆக நீ போனில் அதான் அதான் என்று காட்டியது உன் புள்ளி இல்லை, அப்பா உனக்காக வைத்த பொட்டு. அது தன்னுடையதாக இருக்குமோ என்று அவருக்கு அங்கேயே சந்தேகம் தட்டியிருக்கிறது. பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். இப்ராஹிம் பக்கத்துல நிக்கிறான், ஊரு பூரா பொட்டு வைக்காதன்னு பேசிட்டு அவன் முன்னால நான் வச்சேன்னு எப்படிச் சொல்றது, பையனே பாத்துச் சொல்றான், அவன் புள்ளியும் அங்கதான் இருந்திருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன் என்றார். எப்படி இருக்கிறது பார், வெட்கத்துக்கு விலை ஒரு கை. நான் சும்மா விடவில்லை, நன்றாகக் கேட்டுவிட்டேன். அதற்கப்புறமாவது சொல்லியிருக்கலாமே என்றால், கை சரியானால் எல்லாம் சரியாகிவிடும், நீயும் மறந்துவிடுவாய் என்று இருந்துவிட்டாராம். நீ பெஞ்சை விட்டதை அன்றைக்குத்தான் அவருக்குச் சொன்னேன். மீதிச் சோற்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார். எனக்குப் பயம், பின்னாலேயே பால் வாங்குகிற சாக்கில் போனேன், நம் வீட்டிலேயே பசு கறக்கிறது என்பது அங்கே நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. சங்கத்து ஆட்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் முன்னால் இப்ராஹிம் மாமாவைப் பார்த்து, தோழர், இன்ஜினுக்கு நான் பொட்டு வச்சேன், அந்தப் பொட்டைப் பாத்துத்தான் டைமிங் வச்சோம், தப்பு என்னுது, எம் பையன் சொன்னது சரி என்று சொல்லிவிட்டார். யாராவது சிரித்தால் என்ன செய்வது என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இப்ராஹிம் மாமா டீ டம்ளரைக் கீழே வைத்தார். அட போங்க தோழர், தம்பி ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் நாகூருக்குப் போயி அவனுக்காக ஓதிட்டு வந்தேன், சொன்னா நீங்க பாடம் நடத்துவீங்கன்னு சொல்லாம மறைச்சு வச்சிருக்கேன் என்றார். அப்புறம்தான் சிரிப்பு, கடை முழுக்கச் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். நாங்க பொட்டு வச்சா மூடநம்பிக்கை, நீங்க வச்சா பெயிண்டான்னு டீக்கடைக்காரர் கேட்டதற்கு மட்டும் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இப்ராஹிம் மாமா, வாங்க, உளி வெட்டுக்கு நேரா நானே டைமிங் வச்சுத் தர்றேன் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, அது அவன் போட்ட எலிமெண்ட், அவன்தான் வைக்கணும் என்கிறார். குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வரும்போது கடைமடைக்கு எட்டாது, இன்ஜின் இல்லாமல் நாற்று விட முடியாது, இது உனக்கே தெரியும். பம்ப் வாய்க்குள் தூசி போகக்கூடாது என்று சுத்தமான வெள்ளைத் துணியால் கட்டி வைத்திருக்கிறேன், நாசில் குழாயைக் கழற்றித் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன். இரண்டு புள்ளியையும் துடைக்கவில்லை. தன் புள்ளியைச் சுரண்டிவிடப்போவதாக அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினார், நான் விடவில்லை. டைமிங்குக்கு உன் வெட்டு இருக்கிறது, அது பாட்டுக்கு இது இருந்துவிட்டுப் போகட்டும். வேண்டுமானால் நீ வந்து அதன் பக்கத்தில் அடையாளமாக ஏதாவது எழுதிவிடு, இனிமேல் யாரும் ஏமாற வேண்டாம்.

சுஹைபிடம் முறுக்கும் பருப்புப்பொடியும் கொடுத்திருக்கிறேன், எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் டப்பாவை நக்காதே, உனக்கென்று எடுத்து வை. வெயில் ஏறப்போகிறது, தண்ணீர் நிறையக் குடி. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ஏசி அறையில் ஈரத்தலையோடு படுக்காதே. இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் போடாதே, அப்பா நம்பருக்குப் போடு. முதலில் அவருக்குப் பேச்சு வராது, நீயே ஆரம்பி, கன்றுக்குட்டிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேள். மாசம் முடிவதற்குள் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட வேண்டும், மறந்துவிடாதே, இது ஒன்றுக்காகத்தான் இவ்வளவு காகிதத்தையும் வீணடித்திருக்கிறேன். உன் கை நல்ல கை இளம்பரிதி. அது தொட்டது எல்லாம் துலங்கும், நோய்நொடி இல்லாமல் நீ நீண்ட நாள் வாழவேண்டும், நான் கும்பிடுகிற எல்லாரும் உன்னைக் காப்பார்கள், அப்பா கும்பிடாதவர்களும் சேர்ந்து காப்பார்கள்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா
இரா. காத்தாயி

கடைசியில் கொஞ்சம் இடம் விடு என்று அப்பா கேட்டார். சொல்லுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்றேன், மாட்டேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். கீழே கோணல்மாணலாக இருப்பது அவருடைய இடது கை எழுத்து, பொறுமையாகப் படி.

இளம்பரிதி,
நீ சொன்னது சரி. நான் நிறுத்தின இடம்தான் தப்பு. உன்னை அழவிட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். பெஞ்சுக்குப் போ. பிறகு வீட்டுக்கு வா. இன்ஜினை யாரையும் தொடவிடவில்லை.
அப்பா